கேட்டலிஸ்ட் ஏன் சீக்கிரம் சாகிறது: கடலோர நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, நம் ராமநாதபுரம் கடற்கரையில் வளைகுடா நாடுகளின் ரசாயன ஆலைகளில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத தெரு குறைவு. நான் 31 வருடம் கந்தக அமில ஆலையிலும் அம்மோனியா ஆலையிலும் புராசஸ் பக்கம் வேலை பார்த்துவிட்டு இப்போது தேவிபட்டினத்தில் இருக்கிறேன். ரசாயன வினையை வேகப்படுத்தும் வினையூக்கியைப் பற்றி, அதாவது ஆலையில் நாம் கேட்டலிஸ்ட் என்று சொல்வதைப் பற்றி, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தொண்டி, டிப்ளமா மாணவர்: ஐயா, வினையூக்கி வினையில் செலவாகாது என்றுதான் புத்தகத்தில் படித்தோம். செலவாகாத பொருளை ஏன் கோடிக்கணக்கில் கொடுத்து மாற்றுகிறார்கள்?

செலவாகாது என்பது சரி. ஆனால் கெட்டுப்போகும், தம்பி. விஷம் ஏறிக் கெடும், சூட்டில் கெடும், மேலே கரியோ தூசியோ படிந்து கெடும், நொறுங்கியும் கெடும்.

இதில் சூட்டினால் கெடுவதுதான் பலருக்குப் புரிவதில்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் பொடி உப்பைக் குவித்து, சரியாக மூடாமல் ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். எடை பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் பொடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும். வினையூக்கிக்குள் இருக்கும் உலோகத் துகள்களுக்கும் இதே கதிதான், அங்கே ஈரத்துக்குப் பதில் சூடு. வேலை நடப்பது துகளின் மேற்பரப்பில் மட்டும். துகள்கள் சேர்ந்து பெரிதானால் மேற்பரப்பு சுருங்கும், வேகமும் போகும். செம்பு உருகுவது 1085 டிகிரியில். ஆனால் துகள் நகர்ந்து ஒட்ட அந்தச் சூடு தேவையில்லை. உருகுநிலையைக் கெல்வினில் எடுத்துப் பாதியாக்கினால் செம்புக்குச் சுமார் 400 டிகிரி செல்சியஸ் வரும், அங்கே அணுக்கள் தாராளமாக நகரும். மேற்பரப்பில் இருப்பவை அதற்கும் வெகு கீழேயே நகரத் தொடங்கிவிடும். அதனால்தான் செம்பு வினையூக்கியை 200 டிகிரியை ஒட்டியே ஓட்டுகிறோம். கரியை எரித்து எடுக்கலாம், தூசியைச் சலிக்கலாம். இப்படி ஒட்டிப்போனதைத் திருப்ப ஆலைக்குள் வழியே கிடையாது.

கீழக்கரை, ஜுபைலில் ஷிப்ட் இன்சார்ஜ்: அண்ணே, எங்கள் அம்மோனியா பிளாண்டில் எல்.டி.எஸ். பெட் (கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் குறைந்த சூட்டில் ஹைட்ரஜனாக்கும் கேட்டலிஸ்ட் படுகை) முன்பெல்லாம் ஐந்து வருடம் வந்தது. இந்த முறை இரண்டு வருடத்தில் படுத்துவிட்டது. கேஸில் கந்தகம் 0.1 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழேதான் இருக்கிறது. வேறு எதைப் பார்ப்பது?

குளோரைடைப் பாருங்கள். எல்.டி.எஸ்.ஸில் இருப்பது செம்பும் துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும். கந்தகம் வந்தால் மேல் அடுக்கிலேயே பிடிபட்டு நின்றுவிடும், அடியில் இருப்பவை பிழைக்கும். குளோரைடு அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. துத்தநாகத்தோடு சேர்ந்தால் துத்தநாக குளோரைடு, அது 290 டிகிரியிலேயே உருகிவிடும். அவ்வளவு இளகிய உப்பு உள்ளே இருந்தால் பக்கத்துத் துகள்களும் சேர்ந்து நகரும். முதல் பதிலில் சொன்ன ஒட்டல், 200 டிகிரியிலேயே தொடங்கிவிடும். பிபிபி அளவில், நூறு கோடியில் சில பங்கு வந்தாலே நாளடைவில் பெட்டையே தின்றுவிடும்.

எங்கிருந்து வருகிறது? முதலில் நீராவி. பாய்லர் தண்ணீர் சுத்திகரிப்பில் உப்பைப் பிடிக்கும் ரெசின் தளர்ந்திருக்கலாம், கண்டென்சரில் ஒரு டியூப் கசிந்து கடல் நீர் கலந்திருக்கலாம். கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து திரும்பும் தண்ணீர்) எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்ற கண்டக்டிவிட்டியின் ஆறு மாதப் பதிவை எடுத்து வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, செகண்டரி ரிபார்மருக்குள், அதாவது வாயுவில் காற்றைக் கலந்து எரிக்கும் இரண்டாவது உலைக்குள், போகும் காற்று. ஜுபைலும் நம் ஊரும் இதில் ஒன்றுதான். இங்கே கொண்டல் (கீழ்க்காற்று) அடித்தால் தேவிபட்டினத்தில் ஜன்னல் கம்பி உப்பில் பிசுபிசுக்கும், சோழகம் (தென்காற்று) அடித்தால் கீழக்கரையில் அதே கதை. அந்த உப்புதான் கம்ப்ரசர் பில்டரில் சிக்காமல் போனால் கேஸோடு கலந்து கடைசியில் எல்.டி.எஸ். தலையில் இறங்குகிறது. பில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பில்டர் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்றாவது, கடந்த ஷட்டவுனில் யாராவது குளோரின் உள்ள கரைப்பான் வைத்துக் குழாயைத் துடைத்தார்களா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று. உள்ளே வரும் கேஸ் டியூ பாயிண்டுக்கு, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் சூட்டுக்கு, மேல் குறைந்தது 15 முதல் 20 டிகிரி இருக்க வேண்டும். இன்லெட் சூட்டைக் குறைத்தால் கன்வர்ஷன் (வினையில் மாறும் பங்கு) கூடும் என்ற ஆசையில் கீழே இழுத்துக்கொண்டே போவார்கள். ஒரு துளி தண்ணீர் பட்டால் போதும், மேல் அடுக்கு பிடித்து வைத்திருந்த குளோரைடு கரைந்து நல்ல அடுக்குக்குள் இறங்கும்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. பழைய பெட்டை எடுக்கும்போது மொத்தமாக உறிஞ்சிவிடாமல், மேலிருந்து ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு கை அள்ளித் தனித்தனிப் பையில் போட்டு லேபுக்கு அனுப்புங்கள். குளோரைடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அது சொல்லிவிடும். இதைச் செய்யாமல் புதியதைக் கொட்டினால் அதுவும் இரண்டு வருடம்தான்.

ஏர்வாடி, கந்தக அமில ஆலை ஆபரேட்டர்: சார், கன்வெர்ட்டர் (கந்தக வாயுவை எஸ்.ஓ.3 ஆக்கும் கலம்) முதல் பெட்டில் பிரஷர் டிராப் (அழுத்த இழப்பு) எட்டு மாதத்திலேயே ஏறிவிடுகிறது. வருடா வருடம் எடுத்துச் சலிக்கச் சொல்கிறார்கள். சரியா?

வருடா வருடம் சலிப்பது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு முறை எடுத்துச் சலித்துப் போடும்போதும் பத்தில் ஒரு பங்கு உடைந்து போவது சாதாரணம். தூசியை எடுக்கப் போய் சரக்கையே தூசியாக்குகிறோம்.

வனேடியம் வினையூக்கி வேலை செய்யும் சூட்டில், சிலிக்காவின் துளைகளுக்குள் வனேடியமும் பொட்டாசியமும் சேர்ந்து உருகிய உப்பாக இருக்கும். அது பசை மாதிரி, வருகிற தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தூசியை அதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். உருக்கிய கந்தகத்தை வடிகட்டும் பில்டர் கேக் எப்படிப் படிகிறது, சாம்பல் கணக்கு என்ன, பாய்லருக்குப் பின்னால் உள்ள குழாயில் இரும்பு சல்பேட் செதில் உதிர்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மேல் அடுக்கில் மட்டும் பெரிய வளையமோ பூ வடிவமோ போட்டால் தூசி ஒரே இடத்தில் தோல் கட்டாமல் ஆழமாகப் பரவும், காலம் நீளும். சலித்தே ஆக வேண்டுமென்றால் மேல் பகுதியை மட்டும் எடுங்கள். தூசி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அவரே மறுபடி: ஷட்டவுனுக்கு முன்னால் சூடான காற்று ஓட்டுவது எத்தனை மணி நேரம்?

மணிக்கணக்கைப் பார்க்காதீர்கள். ஸ்டாக்கில், அதாவது புகைபோக்கியில், எஸ்.ஓ.3 (சல்பர் ட்ரை ஆக்சைடு) புகை நின்றதா என்று பாருங்கள். பெட் 400 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே, உலர்ந்த காற்றை ஓட்டி உள்ளே பிடித்திருப்பதை எல்லாம் வெளியேற்றிவிட வேண்டும்.

இதில் நான் கண்ணால் பார்த்த ஒரு நஷ்டம் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஐப்பசி மாதம் ப்ளோயர் ட்ரிப் ஆகி நின்றது. இரண்டு நாளில் கிளப்பிவிடலாம் என்று காற்று ஓட்டாமலே ஆறவிட்டார்கள். பேரிங் வரத் தாமதமாகி ஒன்பது நாள் ஆனது. நடுவில் ஆய்வுக்காக மேன்ஹோலையும் திறந்தார்கள். வெளியே வாடைக்காற்று, விடாத மழை. எஸ்.ஓ.3யும் ஈரமும் சேர்ந்து துளைக்குள்ளேயே அமிலம் ஆகிவிட்டது. வளையத்தை விரலில் எடுத்து அழுத்தினால் ஊறின பொட்டுக்கடலை மாதிரி நசுங்கியது. அன்று ஷிப்டில் நானும் இருந்தேன், தடுத்திருக்க வேண்டும். பத்து வருடம் வரவேண்டிய கீழ் பெட்கள்கூட அந்த ஒன்பது நாளில் பாதி உயிர் போயின. ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போதும் கிளம்பும்போதும்தான் வினையூக்கி அதிகம் கெடுகிறது என்று நான் ஓயாமல் சொல்வது அந்த அனுபவத்தில்தான்.

சாயல்குடி: ஸ்டார்ட்அப்பில் எவ்வளவு வேகமாகச் சூடேற்றலாம்?

சப்ளையர் கொடுத்த அட்டவணைதான் சட்டம். பொதுவாக மணிக்கு 50 டிகிரிக்குள் வைத்தால் பயமில்லை. 100 டிகிரியைத் தாண்டும் இடத்தில், உள்ளே பிடித்த ஈரம் முழுக்கப் போகும் வரை நிறுத்தி நிறுத்தி ஏற்றுங்கள். ஈரம் உள்ளேயே கொதித்தால் கேட்டலிஸ்ட் மணி வெடிக்கும்.

பெரியபட்டினம்: ஐயா, என் கணவர் ஷட்டவுன் வேலைக்குப் போகிறார். நைட்ரஜன் நிரப்பிய ரியாக்டருக்குள் இறங்கி கேட்டலிஸ்ட் எடுப்பதாகச் சொன்னார். பயமாக இருக்கிறது. அது எவ்வளவு ஆபத்து?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. பயன்படுத்திய நிக்கல், இரும்பு வினையூக்கி காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். அதனால் நைட்ரஜன் நிரப்பி வைத்து வேலை செய்கிறார்கள். இது அவசியமான முறைதான். ஆனால் நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 19.5க்குக் கீழே போனாலே ஆள் இறங்கக் கூடாது என்பது விதி. நைட்ரஜன் நிரம்பிய ரியாக்டருக்குள் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். முகமூடி இல்லாமல் ஓரிரண்டு மூச்சு இழுத்தாலே நினைவு போய்விடும். மூச்சு முட்டாது, வாடை வராது. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால்தான் நம் உடம்புக்கு மூச்சு முட்டும், ஆக்சிஜன் குறைவது அதற்குத் தெரியாது.

உங்கள் கணவரிடம் இதை அப்படியே கேளுங்கள். தலையில் பூட்டும் ஹெல்மெட்டுக்கு இரண்டு தனித்தனிக் காற்று வழி இருக்கிறதா? இடுப்பில் தப்பிக்கும் பாட்டில் இருக்கிறதா? மேலே அவரையே பார்த்துக்கொண்டு, வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு ஆள் நிற்கிறாரா? பேச்சுத் தொடர்பும் கேமராவும் இருக்கின்றனவா? இதில் ஒன்று இல்லையென்றாலும் இறங்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. சொன்னால் வேலை போகும் என்று நினைத்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மேன்ஹோல் வாயில் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பதும் உள்ளே இறங்குவது மாதிரியேதான். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காற்றுக் கருவி இல்லாமல் காப்பாற்றக் குதிக்கவே கூடாது. இப்படிக் குதித்த இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று உயிர்கள் போயிருக்கின்றன. நிக்கல் வினையூக்கி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 200 டிகிரிக்குக் கீழே ஆறும்போது கார்பன் மோனாக்சைடு மிச்சம் இருந்தால் நிக்கல் கார்பனைல் என்ற கொடிய விஷ வாயு உண்டாகும். அதற்கு முன்பே நைட்ரஜன் விட்டுக் கார்பன் மோனாக்சைடைத் துடைத்தெடுத்தார்களா என்று பர்மிட்டில் எழுதியிருக்க வேண்டும். அவர் ஊருக்கு வரும்போது என்னைப் பார்க்கச் சொல்லுங்கள், உட்கார்ந்து விவரமாகப் பேசுகிறேன்.

உச்சிப்புளி: ரிபார்மர் டியூபில் சிவப்புப் பட்டை தெரிகிறது. கேட்டலிஸ்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். வழுதூர் மின் நிலையத்தில் இயற்கை எரிவாயுவை எரித்து டர்பைன் சுற்றுகிறார்கள். நாம் ரிபார்மர் டியூபுக்குள் அதே மாதிரி வாயுவை நீராவியோடு நிக்கல் மேல் விட்டு ஹைட்ரஜன் எடுக்கிறோம். நீராவி குறைந்தால் நிக்கல் மேல் கரி படியும், அந்த இடத்தில் வினை நடந்து சூட்டை இழுக்காததால் டியூப் சுவர் காய்ந்து சிவக்கும். நீராவிக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம் 3ஐ ஒட்டி நிற்கிறதா, கந்தகம் தப்பி வந்ததா என்று முதலில் பாருங்கள். புதிதாகப் படிந்த கரியும், ஓரளவு கந்தகமும் கேஸை நிறுத்தி நீராவி மட்டும் ஓட்டினால் போகும். அதற்குப் பிறகும் அதே டியூபில் அதே உயரத்தில் பட்டை வந்தால் உள்ளே கேட்டலிஸ்ட் மணி நொறுங்கியிருக்கிறது அல்லது நிரப்பும்போதே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். நிரப்பும்போது ஒவ்வொரு டியூபின் பிரஷர் டிராப்பும் சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

ராமேஸ்வரம், டாக்சி ஓட்டுபவர்: காரில் இருக்கும் கன்வெர்ட்டரும் இதே சமாச்சாரமா?

இதேதான், உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மிஸ்பயர் ஆகும் வண்டியை அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் அமைப்பை உருக்கிவிடும். எஞ்சின் ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் மேலே படியும். ஸ்பார்க் பிளக்கை நேரத்தில் மாற்றுங்கள்.

மண்டபம்: செத்துப்போன கேட்டலிஸ்டை என்ன செய்கிறார்கள்? பள்ளத்தில் கொட்டுவதாகக் கேள்விப்பட்டேன்.

கொட்டக் கூடாது. 2016 ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது பதிவு செய்து, அனுமதி பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டிய கழிவு. வனேடியமும் நிக்கலும் மழைநீரில் கரைந்து போனால் கடைசியில் போய்ச் சேருவது கடல்தான். நம் மண்டபத்துக்கு எதிரே இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகளையும் பவளப்பாறைகளையும் நினைத்துப் பாருங்கள். இதில் உள்ள உலோகத்துக்கு விலை உண்டு, பிரித்தெடுப்பவர்கள் காசு கொடுத்தே வாங்குவார்கள்.

திருப்புல்லாணி, புதிதாக புராசஸ் இன்ஜினியர் ஆனவர்: பெட் முடிந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்வது? மேலதிகாரி இன்னும் ஆறு மாதம் இழுக்கச் சொல்கிறார், சப்ளையர் உடனே மாற்றச் சொல்கிறார்.

இரண்டு பேரையும் விடுங்கள், பெட்டைக் கேளுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே லோடில், பெட்டின் ஒவ்வொரு தெர்மோகப்பிளும் (சூடு அளக்கும் கருவி) காட்டும் சூட்டை எழுதி, ஆழத்துக்கு எதிராக ஒரு கோடு வரையுங்கள். சூடு ஏறும் இடம் மாதாமாதம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று தெரியும். புதிதில் மேலேயே வினை முடிந்துவிடும். நாளாக ஆகக் கோடு கீழே நகரும். அது சீராக நகர்ந்தால் அடியைத் தொடும் தேதியை நீங்களே கணக்குப் போடலாம், அடுத்த ஷட்டவுனுக்கு முன்னா பின்னா என்பதுதான் கேள்வி. ஒரு மாதத்தில் திடீரென்று குதித்தால் அது வயசு இல்லை, விஷம். அப்போது மாற்றுவதற்கு முன்னால் விஷம் வரும் வழியைத் தேடுங்கள். இன்லெட் சூட்டை ஏற்றி இழுக்கலாம், ஆனால் இரண்டிரண்டு டிகிரியாக. முதல் மாதமே பத்து டிகிரி ஏற்றினால் பிறகு ஏற்ற இடம் இருக்காது.

கோடு வரைந்த தாள்கள் ஆறு மாதத்துக்குச் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.