மகன் என் முகத்தைப் பார்க்கிறான், நான் என்ன சொல்ல?

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் கரையோர ஊர் ஒன்றில் இருக்கிறேன். மகன் இந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். டியூஷனில் அவனோடு படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவன், உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமையில், "அந்தக் குண்டுவெடிப்பைப் பற்றி உங்கட ஆக்கள் ஏன்டா வாயே திறக்கிறதில்ல?" என்று கேட்டிருக்கிறான். மகன் அழாத குறையாக வீட்டுக்கு வந்தான். "அப்ப நான் சின்னப் பிள்ளை. என்னட்ட ஏன் உம்மா கேட்கிறான்?" என்கிறான். என் கணவரின் தம்பி, எல்லாம் அரசாங்கத்தின் வேலை, நாம் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்கிறார். என் வாப்பாவோ, பிள்ளைகளை ஒழுங்காகப் படிக்க வைத்தால் இதெல்லாம் வராது என்கிறார். மகன் இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். நான் என்ன சொல்ல? - ஒரு தாய்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவள் நான். இந்தக் கேள்வியோடு என் முன்னால் நின்ற பிள்ளைகளின் முகங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அவர்களில் சிலருக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. "அதெல்லாம் இப்ப வேண்டாம், பாடத்தைப் பாருங்க" என்று கடந்து போனேன். அந்தக் கவலையோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் மகனுடைய கோபம் நியாயமானது என்று அவனிடம் சொல்லுங்கள். யாரோ செய்த கொலைக்கு ஒரு பிள்ளை பெயரைக்கொண்டும் தொப்பியைக்கொண்டும் பொறுப்பாளியாக முடியாது. அது சட்டமும் இல்லை, மார்க்கமும் இல்லை. இதை அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும். ஏனென்றால் வெளியில் அவனுக்கு இதை யாரும் சொல்லப் போவதில்லை.

அதே நேரம், அந்தப் பையன் எந்த மனநிலையில் கேட்டான் என்பதையும் யோசியுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்தது கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டும் இல்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. அங்கே இறந்தவர்களில் பலர் குழந்தைகள். நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்பு எவ்வளவு தூரம்? அந்தப் பையனுக்கு அங்கே ஒரு சித்தி இருந்திருக்கலாம், ஒரு மச்சான் இருந்திருக்கலாம். குத்திக்காட்டத்தான் கேட்டான் என்று நாமாக முடிவெடுக்க வேண்டாம். நண்பன் இல்லாத ஒருவனிடம் யாரும் இப்படி நேருக்கு நேர் கேட்பதில்லை, முதுகுக்குப் பின்னால்தான் பேசுவார்கள்.

சரி, நம் ஆட்கள் வாய் திறக்கவில்லை என்பது உண்மையா? உண்மை இல்லை. ஆனால் உங்கள் மகனுக்கு அது தெரியாது, நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் முதலில் பகைத்தது கிறிஸ்தவர்களை இல்லை, காத்தான்குடியில் தன்னோடு ஒரே கிப்லாவை நோக்கித் தொழுத முஸ்லிம்களை. சூபி வழியில் நின்றவர்களைக் காபிர், அதாவது இறைமறுப்பாளர், என்றான். 2017 மார்ச்சில் அவர்களோடு வாளும் பொல்லுமாக மோதல் நடந்தது. அதற்குப் பிறகுதான் தலைமறைவானான். அவனைப் பற்றிப் பொலிஸில் முறையிட்டவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது, அவன் கூட்டம் சம்பந்தப்பட்ட அந்த விசாரணைக்கு உதவியவர்களில் ஒரு முஸ்லிம் இருந்தார். வண்ணாத்திவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2019 மார்ச்சில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அவரைத் தலையில் சுட்டார்கள். உயிர் மிஞ்சியது, உடம்பு பழையபடி திரும்பவில்லை. குண்டுவெடிப்புக்குப் பிறகு சாய்ந்தமருதில் அந்தக் கூட்டத்தின் மிச்சம் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக் கொடுத்ததும் ஊர் மக்கள்தான். குண்டுதாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வெளிப்படையாக அறிவித்தது. ஜனாஸாவைத் தொழுது அடக்குவது எங்களுக்கு எவ்வளவு பெரிய கடமை என்று உங்களுக்குத் தெரியும். அதையே மறுத்தார்கள் என்றால் அதைவிட உரக்க எப்படிப் பேசுவது?

இதையெல்லாம் மகனை உட்காரவைத்துச் சொல்லுங்கள். நண்பனிடம் வாதாடி ஜெயிப்பதற்காக இல்லை. தன் சமூகத்தில் யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் கொழுந்தன் சொல்வது. அவருடைய பேச்சில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது, அதை நீங்கள் மறுக்கப் போனால் மகனும் உங்களை நம்பமாட்டான். தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து இலங்கைப் புலனாய்வுக்கு வந்தது. 9ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபருக்குப் போனது. 11ஆம் திகதி சஹ்ரானின் பெயரோடும், தேவாலயங்கள் குறியாகலாம் என்ற குறிப்போடும், ஒரு கடிதம் பொலிஸுக்குள்ளேயே சுற்றியது. பத்து நாள் இருந்தது, தங்கச்சி. பத்து நாளில் தேவாலய வாசலில் ஒரு பொலிஸ்காரரையாவது நிறுத்தியிருக்கலாம். ஜனாதிபதியும் பிரதமரும் 2018 ஒக்டோபரிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலை. பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமரை அழைக்கவே இல்லை. அந்தச் சண்டைக்கான விலையை சீயோன் தேவாலயப் பிள்ளைகள் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்போதைய பொலிஸ் மா அதிபருக்கும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளருக்கும் தலா ஏழரைக் கோடி. கடமை தவறியவர்கள் யார் என்று நாட்டின் உச்ச நீதிபீடமே சொல்லிவிட்டது.

பின்னால் வேறு யாருடைய கையாவது இருந்ததா என்று கத்தோலிக்கத் திருச்சபையும் கர்தினாலும் வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். பிள்ளைகளை இழந்தவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. நாமும் அவர்களோடு நின்று கேட்க வேண்டும்.

தாக்குதலுக்குப் பிறகு நடந்ததும் கொழுந்தனின் மனதில் இருக்கும். அந்த மே மாதம் குருநாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. தன் தச்சுப்பட்டறையில் ஒரு மனிதர் வெட்டிக் கொல்லப்பட்டார். மன்னார் பக்கத்து இளம் ஆசிரியர் ஒருவர் எழுதிய தமிழ்க் கவிதைகளைத் தீவிரவாதம் என்று சொல்லி, 2020இல் அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே வைத்தார்கள். வன்முறை வேண்டாம் என்று சொன்ன கவிதைகள் அவை. வாசிக்கத் தெரிந்த ஒருவரை முதலிலேயே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும். கொரோனா காலத்தில் 2021 பெப்ரவரி வரை இறந்த எங்கள் ஆட்களின் மையித்துகளை அடக்க விடாமல் எரித்தார்கள், பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட விடவில்லை. அதற்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆனது. இந்தக் காயம் ஆறவில்லை, ஆறியதாக நடிக்கவும் வேண்டாம்.

ஆனாலும் "நாம் பதில் சொல்லத் தேவையில்லை" என்கிறாரே, அங்கேதான் அவரோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. பின்னால் எந்தக் கை இருந்தாலும், பையைத் தோளில் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குள் நடந்தவன் நம் பிள்ளை. அவனை அங்கே அனுப்பிய பேச்சு நம் மொழியில், நம் ஆயத்துகளைச் சொல்லிப் பேசப்பட்டது. அந்த பயான்களை, மார்க்கச் சொற்பொழிவுகளை, கேட்டவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். சக முஸ்லிமைக் காபிர் என்று சஹ்ரான் சொன்னபோது, "அது மார்க்க இயக்கச் சண்டை, நமக்கெதுக்கு" என்று ஒதுங்கியவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் ஒதுங்கினேன். இன்று ஒருவரைக் காபிர் என்று சொல்லத் துணிந்தவன் நாளை என்ன செய்வான் என்று நாம் யோசிக்கவில்லை. சூரா அந்நிஸாவில் அல்லாஹ், நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் சரி என்கிறான். அரசாங்கத்தைக் கேட்கும் கேள்வியும் நம்மை நாமே கேட்கும் கேள்வியும் ஒன்றையொன்று அழிக்காது. ஒன்றைக் கேட்டால் மற்றதை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று கொழுந்தன் பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நாம் ஒரு வார்த்தை சொன்னால் அதை எடுத்து நம்மையே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காகப் பிள்ளைகளிடமும் மௌனமாக இருந்தால், அவர்களுக்கு வேறு யாராவது போனில் வந்து விளக்கம் கொடுப்பார்கள்.

இனி உங்கள் வாப்பா. அவருக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். அவர் சொல்வது இந்த மண்ணில் முன்னால் பெரியவர்கள் உயிரைக் கொடுத்துச் சொன்ன விஷயம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று நம் ஆட்கள் பயந்திருந்த காலத்தில், கண்டியில் சட்டத்தரணியாக இருந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிக் கல்வி கல்வி என்று எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த அறபி பாஷாவும் அவரோடு சேர்ந்தார். 1892இல் கொழும்பு மருதானையில் அவர்கள் முயற்சியில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. பிறகு அங்கே அதிபராக இருந்த ஏ. எம். ஏ. அஸீஸ், கையில் காசில்லாத பிள்ளைகள் மேலே படிக்க 1945இலேயே ஒரு நிதியம் அமைத்தவர். இவர்கள் இல்லாவிட்டால் நான் ஆசிரியை ஆகியிருக்க முடியாது.

ஆனால் "படித்தால் வராது" என்று மட்டும் சொன்னால் உங்கள் மகன் திருப்பிக் கேட்பான். குண்டு வைத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர். இரண்டு பேர் பெரும் வியாபாரியின் பிள்ளைகள். அவர்களை வறுமையும் தள்ளவில்லை, எழுத்தறிவின்மையும் தள்ளவில்லை. மார்க்கம் படித்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. நான்காம் கலீபா அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்களைக் கொன்றவன் குர்ஆன் ஓதத் தெரியாதவன் இல்லை. குர்ஆனை ஓதுவார்கள், அது அவர்கள் தொண்டைக்குழியைத் தாண்டாது என்று நபி (ஸல்) அவர்கள் அப்படிப்பட்ட கூட்டத்தைப் பற்றி முன்னமே எச்சரித்தது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது.

நம் பிள்ளைகள் நிறையவே படிக்கிறார்கள். விடிந்தால் டியூஷன், பின்னேரம் ஓதப்பள்ளி, இரவு பாஸ்ட் பேப்பர். அவ்வளவிலும் அவர்கள் கேள்வி கேட்கும் நேரம் எவ்வளவு? ஓதப்பள்ளியில் கேட்டால் அதபு இல்லை என்கிறோம், பள்ளிக்கூடத்தில் கேட்டால் சிலபஸ் முடியாது என்கிறோம். "உன் சகோதரன் அநியாயம் செய்தாலும், அநியாயம் செய்யப்பட்டாலும் அவனுக்கு உதவு" என்று நபி (ஸல்) சொன்னபோது, ஒரு தோழர் உடனே கேட்டார்: அநியாயம் செய்யப்பட்டவனுக்கு உதவுவது சரி, அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது? அவனைத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று பதில் வந்தது. அன்று அந்தத் தோழர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த விளக்கம் நமக்குக் கிடைத்திருக்காது. உஸ்தாதிடம் "ஏன்" என்று கேட்டுப் பழகிய பிள்ளை, போனில் வரும் பயானிடமும் "ஏன்" என்று கேட்கும். கேட்கவே பழகாத பிள்ளை, யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் பின்னால் போகும். வாப்பா சொல்லும் கல்வியோடு இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதில் அரசாங்கத்துக்கும் நமக்கும் சமபங்கு. இந்த நாட்டில் முஸ்லிம் பிள்ளை பெரும்பாலும் முஸ்லிம் பாடசாலைக்குப் போகிறது, தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கு, சிங்களப் பிள்ளை சிங்களப் பாடசாலைக்கு. நம் கிழக்கில் ஒரே மொழியில் ஒரே பாடப்புத்தகத்தைப் படிக்கிற பிள்ளைகள்கூட ஒரு வாங்கில் சேர்ந்து உட்காராமலே பதினொரு வருஷத்தை முடித்துவிடுகிறார்கள். குண்டுவெடித்து இத்தனை வருஷமாகியும் மத்ரஸாக்களை மூடுவோம் என்று மேடையில் பேசிய அமைச்சரைப் பார்த்தோம், பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கிறோம் என்று வந்தவரைக் காணவில்லை. உங்கள் மகனும் அந்தப் பையனும் சந்திக்கிற ஒரே இடம் அந்த டியூஷன் கொட்டில்தான். அங்கே ஒருவன் மற்றவனிடம் மனதில் இருந்ததைக் கேட்டான். தயவுசெய்து, இந்தச் சம்பவத்தால் மகனை வேறு வகுப்புக்கு மாற்றிவிடாதீர்கள்.

மகன் அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் வசனம் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். "நீ கேட்டது எனக்கு நொந்தது. ஆனா நடந்தது அநியாயம்தான்" என்று தொடங்கினால் போதும், மிச்சம் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். முடிந்தால் அவன் வீட்டில் யாரையாவது இழந்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். இழந்திருந்தால் அடுத்த வருஷம் அந்த நாளில் நீங்களே மகனோடு அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். கொழுந்தனையும் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் மேல் அவருக்கு இருக்கும் அதே கோபம் அந்த வீட்டிலும் இருக்கும். அதை அவர் அவர்கள் வாயாலேயே கேட்கட்டும்.