பாலைவனத்துல கேன்யன், குகைன்னு ஒரு வாரம் நடக்கணும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வெச்சு பிளான் பண்றது?

கேள்வி கேட்டவர் பெரம்பூராம், நாகலாபுரம் பக்கமெல்லாம் ட்ரெக்கிங் போன பழக்கம் இருக்காம், அடுத்து ஜோர்டான்ல தானான்ற மலை கிராமத்துலேர்ந்து, பாறைல குடைஞ்ச பழைய நகரம் பெட்ரா வரைக்கும் நடக்கணும்னு ஆசைப்படறார். நான் தண்டையார்பேட்டை, ஃப்ரெண்ட்ஸோட அந்த ரூட்ல நடந்திருக்கேன், அதனால சொல்றேன் ப்ரோ, கிலோமீட்டரை கடைசியா போடுங்க. மொதல்ல தண்ணி கணக்கு. எந்த எடத்துல தண்ணி கெடைக்கும், அடுத்தது எங்க, நடுவுல எவ்ளோ தூக்கணும்னு மேப்ல குறிச்சுட்டீங்கன்னா எங்க தூங்கறது, எத்தனை நாள், எவ்ளோ தூரம் எல்லாம் தன்னால வந்து உக்காந்துடும்.

கணக்கு சிம்பிள்தான். நடக்கற நாள்ல ஒரு ஆளுக்கு 4லேர்ந்து 5 லிட்டர், வெயில் ஏறுச்சுன்னா அதுக்கும் மேல, சமைக்க தனி. ஒரு லிட்டர் ஒரு கிலோ. ரெண்டு நாளைக்கு வழியில தண்ணி இல்லன்னா 10 கிலோ தண்ணி மட்டுமே முதுகுல, அதுக்கு மேல டென்ட், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு, அடுப்பு. இந்த வெயிட்ட வெச்சுக்கிட்டு ஏத்தத்துல நாளைக்கு 20 கிலோமீட்டர்னு பேப்பர்ல எழுதிடலாம், முட்டி ஒத்துக்காது. தானா டு பெட்ரா மொத்தமே 70-80 கிலோமீட்டர்தான், அதுக்கு அஞ்சு ஆறு நாள் எடுத்துக்கறாங்கன்னா காரணம் இதான். பெதூயின்னு சொல்ற உள்ளூர் பாலைவன நாடோடி இனத்து ஆளுங்க ஜீப்புல வந்து ரோடு குறுக்க வர்ற எடத்துல தண்ணி கேன், சாப்பாடு எறக்கி வெப்பாங்க, கைடோட பேசும்போதே எந்தெந்த எடம்னு முடிவு பண்ணிடுங்க. இந்த காசுல மட்டும் கை வெச்சு மிச்சம் புடிக்காதீங்க.

ரூட்ட பத்தி கொஞ்சம். ஜோர்டான் ட்ரெயில்னு வடக்க உம் கைஸ்லேர்ந்து தெற்க அகபா வரைக்கும் 650 கிலோமீட்டருக்கு மேல போற பாதை இருக்கு, அதுல இது ஒரு துண்டு, ஆனா ரொம்ப அழகான துண்டு. தானா கிராமம் மலை வெளிம்புல 1200 மீட்டர் உசரத்துல உக்காந்திருக்கும், அங்கேருந்து ஃபெய்னான் வரைக்கும் ஒரு 14 கிலோமீட்டர் எறக்கம். காலைல ஜாக்கெட் போட்டுட்டு கெளம்புவீங்க, மதியம் கீழ போய் சேரும்போது வேற நாட்டுக்கு வந்த மாதிரி அனல் அடிக்கும். ஃபெய்னான்ல ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தி செம்பு தோண்டி உருக்கின எடமெல்லாம் இருக்கு, கசடு கருப்பா இன்னும் அப்படியே கெடக்கு. அப்பால திரும்ப மலை ஏத்தம், ஒத்தையடி பாதை, ஆள் நடமாட்டமே இல்லாத பாறை இடுக்கு, கடைசியில பெட்ராக்கு பக்கத்துல இருக்கற குட்டி பெட்ரா. அங்கேருந்து பின்வழியா மலைய சுத்தி நடந்தா அத் தைர்னு சொல்ற பெரிய பாறை முகப்புக்கு முன்னாடி நேரா போய் நிப்பீங்க. மத்தவங்க முன்வாசல்லேர்ந்து வந்து கடைசியா பாக்கறத நீங்க நடந்து வந்த காலோட மொதல்ல பாப்பீங்க, அதுக்காகவே இந்த ரூட்ட நான் யாருக்கும் சொல்லுவேன். மாசம்னா மார்ச்-ஏப்ரல், இல்லன்னா அக்டோபர்-நவம்பர். ஜூன், ஜூலை வேணவே வேணாம்.

நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்ற ஒண்ணு, "மே மாசம் சென்னை வெயில்லயே சுத்துறோம், பாலைவனம் என்ன பண்ணிடும்"னு. இது தப்பு ப்ரோ. இங்க காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை காயாது, சட்டை ஒட்டிக்கும், தண்ணி போகுதுன்னு ஒடம்பே காட்டிக்குடுக்கும். அங்க காத்து வறண்டு கெடக்கு, வேர்வை வர்ற வேகத்துல காஞ்சுடும், சட்டை காஞ்ச மாதிரியே இருக்கும், கழட்டிப் பாத்தா உப்பு வெள்ளையா கோடு போட்டிருக்கும். தாகம் வர்றதுக்குள்ள நெறைய எழந்திருப்பீங்க. அதனால நேரம் பாத்து குடிக்கணும், ஒண்ணுக்கு கலரையும் பாருங்க, டீ கலருக்கு போச்சுன்னா நடைய நிறுத்தி நெழல்ல உக்காந்து குடிங்க. இதுக்கு எதிர் பக்கமும் இருக்கு, வெறும் தண்ணிய மட்டும் ஊத்திக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் கொறஞ்சு தலைவலி, குமட்டல், அப்புறம் ஆளே கொழம்பிப் போறது வரைக்கும் போகும். ஓஆர்எஸ் பாக்கெட் நம்ம ஊர் மெடிக்கல்லயே வாங்கிட்டு போங்க, ஒரு லிட்டருக்கு கலக்கற 20.5 கிராம் பாக்கெட், கூடவே உப்பு போட்ட கடலை, முறுக்கு. பதினொண்ணு மணிக்கு மேல மூணரை, நாலு வரைக்கும் நெழல் கெடைச்சா படுத்துடுங்க, விடியக்காலைலயும் சாயங்காலமும் நடங்க.

இப்போ தண்ணியோட இன்னொரு மொகம், இதுதான் ஆளக் கொல்றது. 1997 ஆகஸ்ட் 12, அமெரிக்கால அரிசோனா, லோயர் ஆன்டிலோப் கேன்யன். உள்ள இருந்தவங்க தலைக்கு மேல மழையே பெருசா இல்ல, பல கிலோமீட்டர் தள்ளி பேஞ்ச மழை அந்த குறுகலான இடுக்குக்குள்ள மொத்தமா வந்து 11 பேர் செத்துட்டாங்க. ஜோர்டான்லயே 2018 அக்டோபர்ல சாக்கடல் பக்கம் வெள்ளத்துல ஸ்கூல் ட்ரிப் போன பசங்களோட சேத்து இருபது பேருக்கு மேல போயிட்டாங்க, அடுத்த ரெண்டே வாரத்துல பெட்ராக்குள்ள தண்ணி பூந்து ஆயிரக்கணக்கான டூரிஸ்ட்ட வெளியேத்துனாங்க. நீங்க போகப்போற அதே சீசன். நம்ம வடசென்னைக்காரங்களுக்கு இது புரியறது ஈசி, 2021 நவம்பர்ல பூண்டி ஏரிய தொறந்து விட்டப்போ கொசஸ்தலை ஆத்துல வந்த தண்ணி மணலி புதுநகருக்குள்ள எப்படி பூந்துச்சுன்னு பாத்திருக்கோம்ல, வீட்டுக்கு மேல வானம் எப்படி இருக்குன்றது கணக்கே இல்ல, மேல எங்க பேஞ்சுதுன்றதுதான் கணக்கு. அதனால காலைல பாக்கற வெதர் உங்க டென்ட் இருக்கற எடத்துக்கு மட்டும் இல்ல, அந்த வாடிக்கு, அதாவது மழை பேஞ்சா மட்டும் ஓடுற காஞ்ச ஆத்துப் பள்ளத்துக்கு, தண்ணி வந்து சேர்ற மொத்த மலைக்கும் பாக்கணும். சந்தேகம் இருந்தா இடுக்குக்குள்ள எறங்காதீங்க, மேட்டுப் பாதை எதுன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. வாடி தரை சமமா, மணலா, படுக்க சொகமா இருக்கும், அங்க டென்ட் போடவே கூடாது. பாறைல உங்க தலைக்கு மேல காஞ்ச கட்டை, செத்தை சிக்கி நின்னா தண்ணி அந்த உசரத்துக்கு வந்திருக்குன்னு அர்த்தம். திடீர்னு காத்து இரைச்சல், தண்ணி செம்மண் கலருக்கு மாறுறதுன்னு எது கண்டாலும் பையைக் கூட பாக்காம மேல ஏறுங்க.

பெட்ராவ கட்டுன நபத்தேயர்கள் இந்த ரெண்டையும் சேத்து யோசிச்சவங்க. மலைல பேயற சொற்ப மழைய பாறைக்குள்ள தொட்டி குடைஞ்சு சேத்து வெச்சாங்க, அதே சமயம் சிக்னு சொல்ற பாறை இடுக்கு வழியா வெள்ளம் ஊருக்குள்ள வராம இருக்க வாசல்லயே அணை போட்டு, 80 மீட்டருக்கு மேல மலைய குடைஞ்சு தண்ணிய வேற பக்கம் திருப்பி விட்டாங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி! அந்த கால்வாய் கோடெல்லாம் சுவர்ல இன்னும் தெரியும், ஓடாம நின்னு பாருங்க.

குகை கேட்டிருந்தீங்க. அந்த ரூட்ல வர்றது முக்கால்வாசி பாறைல குடைஞ்ச அறைங்களும் பாறை நெழலும்தான், பெட்ரா குகைங்கள்ல 1985 வரைக்கும் பெதூயின் குடும்பங்க வாழ்ந்திருக்காங்க. மதிய வெயிலுக்கு உள்ள உக்காந்தா சொர்க்கம். வெளிச்சம் எட்டாத ஆழமான குகைக்குள்ள போறது தனி விஷயம், ஆளுக்கு மூணு லைட், ஹெல்மெட், வெளிய ஒரு ஆள், எத்தனை மணிக்கு திரும்பலன்னா தேடணும்ன்ற பேச்சு, இதெல்லாம் இல்லாம நுழையாதீங்க.

ப்ராக்டீஸுக்கு ரொம்ப தூரம் போக வேணாம். நம்ம ஏரியா பூரா சமதரை, அதனால ஹவுசிங் போர்டு பிளாக் மாடிப்படிதான் மலை. பைக்குள்ள தண்ணி பாட்டில் அடுக்கி ஏறி எறங்குங்க, எறங்குறதுக்கு அதிகம் நேரம் குடுங்க, தானா எறக்கத்துல தொடைதான் நடுங்கும். ஞாயித்துக்கிழமை பழவேற்காடு போய் கடற்கரை மணல்ல அதே ஷூ, அதே சாக்ஸோட நடங்க, கொப்புளம் வர்ற எடம் இங்கயே தெரிஞ்சுடும். அப்புறம் கண்டிப்பா கண்டிக்கோட்டா. கடப்பா மாவட்டம், பெண்ணாறு செவந்த பாறைய அறுத்துக்கிட்டு போற எடம், மும்பை போற ட்ரெயின்ல முத்தனூர்ல எறங்கி போயிடலாம். அங்கேருந்து ரோட்ல ஒரு 60 கிலோமீட்டர்ல பேலம் குகை, 3 கிலோமீட்டருக்கு மேல நீளம், அதுல பாதி வரைக்கும்தான் உள்ள விடறாங்க. லைட்டெல்லாம் போட்டிருக்கு, ஆனா உள்ள புழுக்கம் தாங்காது, தல குனிஞ்சு போற எடத்துல மூச்சு முட்டுற மாதிரி யாருக்கு தோணுதுன்னு டீம்ல அங்கயே தெரிஞ்சுக்கலாம். ஜோர்டான்ல போய் தெரிஞ்சா கஷ்டம்.

மேப் எல்லாம் ஆஃப்லைன்ல எறக்கிக்கோங்க, ரெண்டு பக்கமும் பாறை உசரமா நிக்கற எடத்துல ஜிபிஎஸ் புள்ளி தாவும், அதனால கைடு இல்லாம மொத தடவை வேணாம்றது என் கருத்து. போன் சிக்னல் இல்லாத எடத்துலயும் மெசேஜ் அனுப்பற சாட்டிலைட் மெசேஞ்சர் வாங்கி இங்கேருந்து கொண்டு போகாதீங்க, இந்தியால லைசென்ஸ் இல்லாம அத வெச்சிருக்கறதே குத்தம், ஏர்போர்ட்ல மாட்டுனா ட்ரிப்பே போச்சு. கைடுகிட்ட இருக்கான்னு கேளுங்க. எந்த நாள் எங்க தூங்குறீங்க, கைடு நம்பர், எந்த தேதி வரைக்கும் போன் வரலன்னா யாருக்கு சொல்லணும்னு தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதி வீட்ல குடுத்துட்டு போங்க. அப்புறம் பெட்ரா டிக்கெட், பின்வழியில டிக்கெட் கவுன்ட்டர் கெடையாது, பெட்ரா முன்வாசல் பக்கம் வாடி மூசா ஊர்ல இருக்கற மெயின் விசிட்டர் சென்டர்லதான், அதனால நடைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாங்கி பைல வெச்சுடுங்க, இல்ல கைடு மூலமா ஏற்பாடு பண்ணிடுங்க.