மரபணுவா, சர்க்கரையா? அம்மாவின் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கோவையில் கீமோ நடக்கிறது. ரிப்போர்ட்டில் ஹெர்2 பாசிடிவ் என்று இருக்கிறது. மரபணுக் கோளாறு என்கிறார் டாக்டர். தம்பி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, சர்க்கரைதான் காரணம், சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்கிறான். அம்மாவும் இப்போது ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். தோட்டத்தில் மருந்தடிப்பதுதான் காரணம் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அம்மாவுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. புற்றுச் செல்கள் குளுக்கோஸை வாரி இழுக்கின்றன; ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அதை லாக்டிக் அமிலமாக மாற்றித் தள்ளுகின்றன. 1920களிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி இதைக் காட்டிவிட்டார். அம்மாவுக்கு பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லி, கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் போட்டு, ஒரு மணி நேரம் போல அசையாமல் இருக்கச் சொல்வார்கள். நடமாடினால் தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அமைதியாக இருந்தால், கட்டி இருக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

செல்லின் சுவாசம் முதலில் கெடுகிறது, அதிலிருந்துதான் புற்று பிறக்கிறது என்றார் வார்பர்க். சண்டை இங்கேதான். பெரும்பாலான கட்டிகளில், செல்லுக்குள் சுவாசத்தை நடத்தும் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. கெட்டுப்போன மரபணுக்களே 'இன்னும் குளுக்கோஸ் எடு' என்று செல்லுக்குக் கட்டளை கொடுப்பதையும் கண்டார்கள். ஆக, சர்க்கரைப் பசி பெரும்பாலும் நோயின் விளைவு. ஆனால் சில மூளைக் கட்டிகளில் ஐடிஹெச் என்ற வளர்சிதை மாற்ற நொதி பழுதாகி, அதனால் மரபணுக்களின் கட்டுப்பாடே குலைகிறது. அதனால் வார்பர்க்கை முழுதாக ஒதுக்கவும் முடியாது.

மரபணு கெடுவதுதான் புற்றுக்குக் காரணம் என்னும் மரபணுக் கொள்கை, 1914-இல் தியடோர் பொவேரி என்ற உயிரியலாளர் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) கோளாறைச் சுட்டியதில் தொடங்குகிறது. 1976-இல் பிஷப், வார்மஸ் குழு, கோழிக்குப் புற்று உண்டாக்கும் வைரஸில் இருக்கும் மரபணு ஆரோக்கியமான கோழியிலும் இருப்பதைக் காட்டியது. அதாவது, கெட்டால் புற்றைத் தூண்டக்கூடிய மரபணு சாதாரண செல்லிலேயே இருக்கிறது. 1989-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அம்மாவின் ரிப்போர்ட்டில் இருப்பதும் இந்த வழியில் வந்த விஷயம்தான். சாதாரண செல்லில் ஹெர்2 மரபணு இரண்டு பிரதி இருக்கும். ஹெர்2 பாசிடிவ் கட்டியில் பெரும்பாலும் அது பல மடங்கு பெருகி, 'வளர், வளர்' என்ற சமிக்ஞை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். டிராஸ்டுசுமாப் ஊசி அந்த ஹெர்2 புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு சமிக்ஞையை அடக்குகிறது. 1998-இல் அது வந்த பிறகு இந்த வகை நோயாளிகளின் நிலைமையே மாறிவிட்டது. அம்மாவுக்கு அது உண்டா, எப்போது தொடங்கும் என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மரபணுக் கொள்கைக்கும் பதில் சொல்ல முடியாத கேள்விகள் உண்டு. 2015-இல் ஆரோக்கியமானவர்களின் கண்ணிமைத் தோலை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட கால்வாசி செல்களில் புற்றைத் தூண்டும் பிறழ்வுகள் (மரபணு மாற்றங்கள்) இருந்தன. அங்கே கட்டி எதுவும் இல்லை. 1975-இல் ஒரு வகை எலிப் புற்றுச் செல்களைத் தொடக்கநிலைக் கருவில் செலுத்தினார்கள். பிறந்த எலிகள் சாதாரணமாகவே வளர்ந்தன. சுற்றியுள்ள திசுவின் ஒழுங்கு குலைவதுதான் மூலம் என்று அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்ற விஞ்ஞானிகள் வாதிடுவது இதனால்தான். பிறழ்வு தேவை, ஆனால் அது மட்டும் போதாது என்பது என் கருத்து.

புற்றுநோய் வெறும் துரதிர்ஷ்டம் என்றும் யாராவது சொல்வார்கள். செல் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைகளைப் பற்றி 2015-இல் வந்த ஆய்வைத்தான் அப்படிச் சுருக்கிவிட்டார்கள். அந்த முதல் ஆய்வில் மார்பகப் புற்று சேர்க்கப்படவே இல்லை.

தோட்ட மருந்து விஷயம் தனி. ரசாயனத்தால் புற்று வரும் என்பது 1775-இல் லண்டன் புகைபோக்கித் தொழிலாளர்களிடம் பெர்சிவால் பாட் கண்டதிலிருந்தே தெரியும். ஆனால் அம்மாவுக்கு இதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. தோட்டத்தில் இப்போது வேலை செய்பவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கேட்டு வாங்குவது நியாயம், அதை விடாதீர்கள்.

சரி, சாப்பாடு. சோற்றை நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டிக்கு குளுட்டமின் (ஒரு அமினோ அமிலம்) போன்ற வேறு தீனியும் உண்டு. கரைவது அம்மாவின் தசைதான். உடல் இளைத்தால் கீமோவைத் தாங்காது, அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டிவரும். ராகிக் களி, சோறு, அவரை, பட்டாணி, நன்றாக வெந்த முட்டை எல்லாம் கொடுங்கள். டீயில் சர்க்கரையைக் குறைப்பதில் தப்பில்லை. நீரிழிவு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தம்பியையும் அடுத்த முறை கோவைக்குக் கூட்டிப்போய், அவர் கேள்விகளை டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம். ராத்திரி பனிமூட்டத்தில் மேட்டுப்பாளையம் இறங்குவது லேசில்லை. அதனால் காய்ச்சல் வந்த உடனே ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். பக்கத்தில் எங்கே ரத்தப் பரிசோதனையும் ஆன்டிபயாடிக் ஊசியும் கிடைக்கும் என்பதை இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.