எலாஸ்மோசாரஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எலாஸ்மோசாரஸ் நீரில் வாழ்ந்த டைனோசர்தானே?

இல்லை. பிளீசியோசார் வகையைச் சேர்ந்த கடல் ஊர்வன. டைனோசர்கள் வேறு வம்சம்.

கழுத்தில் எத்தனை எலும்புகள்? இதை மிஞ்சியது உண்டா?

72. உடல் நீளம் சுமார் 10 மீட்டர், அதில் 7 மீட்டர் கழுத்து. நெருங்கிய உறவான ஆல்பர்டோனெக்டிசுக்கு 76. ஒன்றை மறக்காதீர்கள்: எலாஸ்மோசாரஸ் என்று உறுதியாகச் சொல்ல, அமெரிக்காவின் கான்சாஸில் 1867இல் கிடைத்த ஒரே ஒரு எலும்புக்கூடுதான் இருக்கிறது.

தலையை வாலில் பொருத்திய கதை உண்மையா?

உண்மை. 1868இல் இதற்குப் பெயர் சூட்டிய அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப், கழுத்தை வாலென்று எண்ணி மறுமுனையில் தலையை வைத்துவிட்டார். சக தொல்லுயிரியலாளர் ஜோசப் லெய்டி தவறைச் சுட்டிக்காட்டியதும், கோப் தன் கட்டுரையின் அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற முயன்றார்.

கழுத்தை நீருக்கு மேலே தூக்கி, அன்னம்போல நீந்தியிருக்குமா?

மறுபடியும் இதே கேள்வி! இந்தப் படத்தைப் பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. பொம்மை செய்பவர்களும் அதையே பார்த்துச் செய்கிறார்கள். முள்ளெலும்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரு முகங்களும் ஏறக்குறையத் தட்டை. அப்படிப்பட்டவை நெருக்கி அடுக்கப்பட்டால் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம்தான் வளையும். எஸ் வடிவில் மேலே சுருட்டி நிமிர்த்த வழியே இல்லை. அடுத்தது எடை. நீருக்குள் இருக்கும்வரை நீரே கழுத்தைத் தாங்கும். வெளியே நீட்டினால் முழுப் பாரமும் முன்பக்கம் விழும். காலூன்றத் தரை கிடையாது. கழுத்து எழும்புவதற்குள் உடலின் முன்பாதி அமிழ்ந்து பின்பக்கம் மேலே வரும். பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் வளைத்து, நீருக்குள்ளேயே மீன் பிடித்தது என்பதுதான் எலும்புகளோடு ஒத்துப்போகிறது. வரைபவர்களே, எலும்பைப் பார்த்து வரையுங்கள், பழைய படத்தைப் பார்த்து அல்ல. நீங்கள் வரையும் துடுப்புகள்கூட உறவினங்களிடமிருந்து எடுத்தவைதான். இருப்பது ஒரே எலும்புக்கூடு, அதில் துடுப்பெலும்புகள் கிடைக்கவில்லை.

கரையேறி முட்டையிட்டதா?

குட்டி ஈன்றிருக்க வேண்டும். பாலிகோட்டைலஸ் என்ற இன்னொரு பிளீசியோசாரின் வயிற்றில் ஒரே ஒரு பெரிய கரு இருந்தது 2011இல் வெளியானது.

வயிற்றில் கற்கள் ஏன்?

உறவினங்களில் கூழாங்கற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. இரையை அரைக்க உதவியிருக்கலாம். மூழ்குவதற்கான பாரம் என்ற விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. அவ்வளவு பெரிய உடலுக்கு அந்தக் கற்கள் மிகச் சொற்பம்.

நான் அனுப்பிய படத்தில் உள்ள எலும்பு எலாஸ்மோசாரஸா?

பக்கத்தில் அளவுகோல் இல்லை, எந்தப் பாறை அடுக்கு என்ற குறிப்பும் இல்லை. இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. எத்தனை முறை எழுதுவது! எலும்பை எடுக்கும் முன் இருக்கும் இடத்திலேயே படமெடுங்கள், அடுக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் இருந்தால் மறுபடி அனுப்புங்கள்.