ஊராட்சியில் யார் கையில் எந்தக் கருவி?

காரைக்குடிப் பக்கத்து ஊராட்சித் தலைவர் ஒருவர் கேட்கிறார்: செயலாளர், பணித்தளப் பொறுப்பாளர், டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர்கள் என எல்லோருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் வாங்கித் தரலாமா?

அவசரப்பட வேண்டாம். ஒருநாள் முழுக்க அவர்களோடு நடந்து பாருங்கள். யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

டேங்க் ஆபரேட்டர் வால்வு திறக்கிறார், பிளீச்சிங் பவுடர் கரைக்கிறார். ஈரக்கைக்குத் தொடுதிரை சரிப்படாது. அவருக்குப் பட்டன் போன் போதும். ஆனால் போர் மோட்டாருக்கு ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டுங்கள். தோப்புக்காரர்கள் வைத்திருக்கும் அதே சிம் பெட்டிதான். போன் செய்தால் மோட்டார் ஓடும், மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை (பேஸ்) போனாலும் தகவல் வரும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்கிறதா என்று பார்க்கக் குளோரோஸ்கோப் வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப்பதிவு செயலி வழியாக என்று கட்டாயமாக்கினார்கள். வேலைக்கு வந்தவர்களை நாளுக்கு இரண்டு படம் எடுக்க வேண்டும். ஊருணிக் கரை வெயிலில் திரை தெரிய வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும். ஆகவே பணித்தளப் பொறுப்பாளருக்கு நல்ல ஸ்மார்ட்போனும் பவர் பேங்கும். சிக்னல் இல்லாவிட்டால் படத்தை எடுத்துவைத்துப் பிறகு ஏற்றுவதையும் சொல்லிக்கொடுங்கள்.

டேப்லெட் உதவுவது வீட்டுவரிக் கணக்கெடுப்புக்கு. செயலாளருக்கு ஒன்று போதும். நம் ஊர் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெரு, பின்கட்டு அடுத்த தெரு. இரண்டு வாசலிலும் இடக்குறி (ஜிபிஎஸ் புள்ளி) போட்டால் ஒரே வீடு இரண்டாகிவிடும். எப்போதும் முகப்பு வாசலில், வானம் தெரியும் இடத்தில் நின்று குறியுங்கள். அங்கே ஜிபிஎஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் சரியாகக் காட்டும். தடித்த சுவர்களுக்குள் போனால் தடுமாறும்.

சரி, பூட்டிக் கிடக்கும் வீடுகள்? பங்காளிகள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். ஊராட்சி வீட்டுவரியை இணையத்திலேயே கட்டலாம். வரிவிதிப்பு எண்ணையும் இணைய முகவரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்கள் போனே வசூல் கருவி. ஆனால் மக்களின் ஆதார் படங்கள் ஊழியரின் சொந்தப் போனில் தங்கக் கூடாது. அதற்கு அலுவலகப் போன் ஒன்று தனியாக வேண்டும்.

தூய்மைக் காவலர்கள் கையுறையோடு குப்பை பிரிக்கிறவர்கள். வேலை நடந்ததற்குப் படம் அனுப்பும் பொறுப்பை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் அவர்களுடைய தள்ளுவண்டிச் சக்கரங்களைச் சரிசெய்து கொடுங்கள்.