முடக்குவாதம் கட்டுக்குள் வந்த பிறகும் என் மனைவி எப்போதும் அசதி என்கிறார். இது நோயா, சோம்பலா?

நோய்தான். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம்.

மற்றவர்களுக்காகக் கேள்வியின் விவரத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மனைவிக்கு மூன்று ஆண்டுகளாக முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டுநோய். மருந்தில் வீக்கம் வடிந்துவிட்டது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவு இறங்கிவிட்டது, மருத்துவரும் திருப்தியாக இருக்கிறார். "இவர் மட்டும் பகல் பதினோரு மணிக்கே படுத்துக்கொள்கிறார், மருத்துவ ஆராய்ச்சி இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?" என்று முடித்திருக்கிறார். ஐயா, அந்த "மட்டும்" என்ற சொல்தான் என்னை இரவு பத்தரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து தட்டச்சு செய்ய வைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் "எல்லா ரிப்போர்ட்டும் சரியாகத்தானே இருக்கிறது" என்று அறை வாசலில் நின்று சொல்லியிருப்பார். அது நீங்களாகவே இருக்கலாம்.

நான் மருத்துவன் அல்லன். கணக்கு ஆசிரியர், பதினோரு ஆண்டுகளாக இந்த நோயோடு குடித்தனம் நடத்துகிறவன். எனக்கு நோய் உறுதியானபோது, "இது பெண்களுக்கு வருவதாயிற்றே" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் வியந்தார். பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும் என்பது உண்மை. அதற்காக ஆண்களைக் கண்டால் ஒதுங்கிப் போகும் என்று பொருளில்லை. இன்னொருவர், நான் விரல்களில் சொடக்கு எடுக்கும் பழக்கத்தால்தான் வந்தது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அமெரிக்காவில் டொனால்டு அங்கர் என்ற மருத்துவர் ஐம்பது ஆண்டுகளாக இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையை விட்டுவைத்து, கடைசியில் இரண்டு கைகளுக்கும் வித்தியாசமில்லை என்று 1998-ல் எழுதினார். ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனை என்று சண்டைக்கு வராதீர்கள், அது எனக்கும் தெரியும். சும்மா இருந்த இடது கையை இவ்வளவு காலம் படுத்தினாரே என்ற மரியாதையில் சொல்கிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். முடக்குவாதத்தையும் வயதில் வரும் மூட்டுத் தேய்மானத்தையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். தேய்மானத்தில் எலும்பு முனையில் உள்ள குருத்தெலும்பு கரைகிறது. முடக்குவாதத்தில் உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. அந்தச் சண்டையில் சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் மூட்டோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகின்றன. காய்ச்சல் கண்ட அன்று எழுந்திருக்க மனம் வராமல் கிடப்போமே, அந்தக் கிடப்புக்குக் காரணமும் ஏறக்குறைய இதே கூட்டம்தான்.

இனி என் கதை. மருந்து தொடங்கி ஓராண்டு கழித்து நடந்தது.

மருத்துவர் என் மூட்டுகளை எண்ணினார். எண்ணினார் என்றால் உண்மையாகவே எண்ணினார்: ஒவ்வொரு மூட்டாகத் தன் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, "வலிக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, விரல்கள் கையோடு சேரும் இடத்தில் பத்து, அதற்கு அடுத்த கணுக்களில் பத்து, முழங்கால் இரண்டு. நானும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். இருபத்தெட்டு. அத்தோடு போர்வையை இழுத்து மூடிவிட்டார். "கால் பாதம்?" என்றேன். "அது இந்தக் கணக்கில் வராது" என்றார். எனக்கு நோய் தொடங்கியதே பாதத்தில்தான்! காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் கூழாங்கல்லின் மேல் நடப்பதுபோல் இருக்கும். ஆனால் நோயின் தீவிரத்துக்கு மதிப்பெண் போடும் டி.ஏ.எஸ்.28 என்ற அந்த அளவுகோலில் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் இடமில்லை. பாதத்தைத் தனியாகப் பார்க்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண்ணில் மட்டும் அது சேராது.

கணக்கு ஆசிரியனிடம் ஒரு மதிப்பெண்ணைச் சொன்னால் சும்மா இருப்பானா? சூத்திரத்தைத் தேடி எடுத்துவிட்டேன். வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து 0.56-ஆல் பெருக்க வேண்டும். வீங்கிய மூட்டுகளுக்கும் வர்க்கமூலம், பெருக்குவது 0.28. இ.எஸ்.ஆருக்கு இயல் மடக்கை (ln) எடுத்து 0.70. கடைசியாக, நோயாளியே நூறு மில்லிமீட்டர் கோட்டில் ஒரு குறி போட்டுத் தன் நிலைமையைச் சொல்ல வேண்டும், அதை 0.014-ஆல் பெருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வலி பூஜ்யம், வீக்கம் பூஜ்யம், இ.எஸ்.ஆர். 14. கோட்டில் நான் 40-ல் குறி போட்டிருந்தேன். கூட்டிப் பாருங்கள், 2.41 வரும். 2.6-க்குக் கீழே போனால் நோய் அடங்கிவிட்டது என்று பொருள். மருத்துவர் கைகொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளி நாட்களில்கூட நான் இப்படித் தேறியதில்லை.

மறுநாள் காலை ஆறரை மணி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சட்டையின் வலது கையை மாட்டிவிட்டேன், இடது கை மாட்டவில்லை. வலியே இல்லை, அதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். இடது கையைப் பின்னால் கொண்டுபோய்த் துணிக்குள் விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு எங்கிருந்தோ ஒரு கட்டளை வர வேண்டும், அது வரவில்லை. இருபது நிமிடம் அப்படியே இருந்திருக்கிறேன். என் மனைவி எட்டிப்பார்த்து, "நேற்றுத்தானே நோய் அடங்கிவிட்டது என்றார்கள்?" என்றாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டாள். நான்தான் பொல்லாத பதில் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முடக்குவாத மருந்து ஆய்வுகளில் கட்டாயம் அளக்கவேண்டியவை எவை என்று 1993-ல் நிபுணர்கள் ஏழு அளவுகளை முடிவு செய்தார்கள். வலிக்கும் மூட்டு, வீங்கிய மூட்டு, வலி, நோயாளியின் மதிப்பீடு, மருத்துவரின் மதிப்பீடு, உடலால் என்னென்ன செய்ய முடிகிறது என்பது, ரத்தத்தில் அழற்சியின் அடையாளம். ஏழிலும் அசதி இல்லை. அந்த நிபுணர்கள் கெட்டவர்கள் அல்லர். யாரிடம் கேட்டு முடிவு செய்தார்கள் என்பதுதான் விஷயம். என்ன அளக்க வேண்டும் என்று பேசுவதற்காகவே 1992 முதல் நடந்துவரும் ஓமராக்ட் என்ற கூட்டத்துக்கு, 2002-ல்தான் முதன்முதலாக நோயாளிகளையும் பங்கேற்க அழைத்தார்கள். வந்தவர்கள் வலியைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தால், அவர்கள் அசதியைப் பற்றிப் பேசினார்கள். அசதியையும் முடிந்தவரை எல்லா முடக்குவாத ஆய்வுகளிலும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை 2007-ல் வெளியானது. உலகமெங்கும் நோயாளிகள் வாய் ஓயாமல் சொல்லிவந்த ஒன்று ஏட்டில் ஏற அத்தனை காலம் பிடித்தது.

இதை ஆராய்ச்சியின் மேல் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதால் நடந்த நல்லதும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் 1929-ல் ஒரு நோயாளியைப் பார்த்தார். அந்த ஆளுக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. காமாலை வந்ததும் மூட்டுவலி போய்விட்டது என்று அவர் சொன்னார். "அதெல்லாம் பிரமை" என்று ஹென்ச் அனுப்பிவிடவில்லை. கருவுற்ற பெண்களுக்கும் வலி குறைவதைக் கவனித்து, உடலே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று ஊகித்து, இருபது ஆண்டுகள் அதன் பின்னால் அலைந்தார். 1948-ல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார்கள். நகர முடியாமல் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் நோபல் பரிசு. ஸ்டீராய்டின் பின்விளைவுகள் பிறகு தெரிந்தன. அது வேறு கதை.

இன்றைக்கு என்ன நிலைமை என்றால், அசதிக்கென்று தனி மாத்திரை கிடையாது. டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத் தொடங்கிவைத்த வழி அது. அவ்வகை மருந்துகள் மூட்டைக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டினாலும், அசதியில் அவற்றால் கிடைப்பது சிறிய அல்லது நடுத்தரமான பலன்தான் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-ல் வெளியான காக்ரேன் மறுஆய்வு சொல்கிறது. ஏனென்றால் அசதி ஒரே கயிறு இல்லை, பல நூல் சேர்ந்த முறுக்கு. அழற்சி ஒரு நூல். வலியால் கலைந்த தூக்கம் ஒன்று. ரத்தச்சோகை ஒன்று. மனச்சோர்வு ஒன்று. அசையாமல் இருந்து இளைத்துப்போன தசை ஒன்று. மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் சிலருக்கு வரும் மந்தம் ஒன்று. (இந்த மருந்து முடக்குவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது.)

பலன் தெரிந்த வேறு இரண்டு வழிகள் உண்டு. மூட்டுநோய்ப் பிரிவின் செவிலியர்களுக்கும் சிகிச்சையாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து, நோயாளிகளைக் குழுவாக உட்காரவைத்து, நாளை எப்படிப் பங்கிட்டுச் செலவழிப்பது, எந்த எண்ணம் எந்த நடத்தைக்கு இழுத்துப்போகிறது என்று பேசவைத்தார்கள். பிரிட்டனில் ராஃப்ட் என்ற பெயரில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. வாழ்க்கையில் அசதி போடும் முட்டுக்கட்டை குறைந்திருந்தது. இன்னொன்று 2022-ல் வெளியான லிஃப்ட் ஆய்வு: அதே மாதிரிப் பேச்சையும், ஆளுக்கேற்ற உடற்பயிற்சியையும் தொலைபேசி வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டுமே உதவின. "பேசினால் போகிறது என்றால் அது மனநோய்தானே?" என்று கீழே யாராவது எழுதப்போகிறீர்கள். கால் உடைந்தவனுக்கு ஊன்றுகோல் பழக்கிக்கொடுத்தால், உடைந்தது மனம் என்றாகிவிடுமா?

ஊன்றுகோல் என்றதும் வங்கி நினைவுக்கு வருகிறது. என் கையெழுத்து மாறிவிட்டது. முன்பு பேனாவை இறுக்கிப் பிடித்துப் போட்ட சுழி இப்போது சாய்ந்து படுத்துவிடுகிறது. ஒரு காசோலை திரும்பி வந்தது: கையெழுத்து பொருந்தவில்லை. நேரில் போனேன். மாதிரிக் கையெழுத்து ஆறு முறை போடச் சொன்னார்கள். ஆறும் ஆறு விதமாக வந்தன. கவுன்டரில் இருந்தவர் ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் எது சார் நீங்கள்?" என்று கேட்டார். பதிலே வரவில்லை எனக்கு. மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். கொண்டுபோனால் அதில் மருத்துவரின் கையெழுத்து புரியவில்லை என்றார்கள்! அவர் கைக்கு ஒரு நோயும் இல்லை. கடைசியில் கைநாட்டு வைத்தேன். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நான், கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டு நின்றேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். நீக்கலாமா என்று யோசித்தேன், நீக்க மனம் வரவில்லை.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நாளுக்கு மூன்று வேளை அசதிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதினேன். கூடவே இரவு எத்தனை முறை விழித்தேன் என்பதும். முதல் மருத்துவர் அதைப் புரட்டாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னர் பார்த்தவர் ஆறு வாரப் பக்கங்களையும் நிதானமாகப் படித்துவிட்டு, ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். சோகை இருந்தது. அதைச் சரிசெய்ததும் எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியது. உங்கள் மனைவிக்கும் சோகைதான் என்று நான் சொல்லவில்லை. மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லவும் இல்லை. இப்படித் திரித்துக்கொண்டு யாரும் வராதீர்கள். நோட்டை அவரே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் நோட்டு. அடுத்த முறை மருத்துவரிடம் கூடவே போய், "இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள் டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

மணி பன்னிரண்டேகால். விரல்கள் கெஞ்சுகின்றன. இன்று மாலை நோட்டில் நான்கு போட்டிருந்தேன். இதைத் தட்டச்சு செய்த குற்றத்துக்கு நாளைக் காலை குறைந்தது ஏழு இருக்கும். முதல் பாடவேளையே ஒன்பதாம் வகுப்பு.