மோடத்தில் விளக்குகள் எரிகின்றன, வைஃபை கிடைக்கிறது, இணையம் மட்டும் வரவில்லை. ரீசெட் செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஊசித் துளைக்குள் இருக்கும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், மோடம் முதன்முதலில் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த நிலைக்குப் போய்விடும். நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ லாகினின் யூசர்நேம், பாஸ்வேர்டு, லைனில் உங்கள் இணைப்புக்கான தடத்தைக் குறிக்கும் விலான் எண் எல்லாம் அழிந்துபோகும். அவற்றை எங்கும் குறித்துவைக்காதவருக்கு அரை மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். மின்சாரத்தை நிறுத்திப் போடுவது ரீஸ்டார்ட். அதைத் தாராளமாகச் செய்யலாம்.

வைஃபை கிடைப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது போனுக்கும் மோடத்துக்கும் இடையிலான பேச்சு. வெளியிலிருந்து வரும் லைனைப் பிடுங்கிப் போட்டாலும் வைஃபை முழுதாகவே காட்டும்.

பார்க்க வேண்டியது லைன் விளக்கு. ஃபைபர் (ஒளியிழை) இணைப்பு என்றால், ஒளி இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். சிவப்பு என்றால் ஒளி வந்து சேரவில்லை; மோடத்தின் செட்டிங்கில் எதை மாற்றியும் பயனில்லை. ஒயர் சுவரோரம் மடங்கியிருக்கிறதா, மேசைக் காலுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். இணைப்பியை ஒருமுறை கழற்றி, கிளிக் என்று உட்காரும்வரை மாட்டுங்கள். முனையைத் துணியாலோ விரலாலோ துடைக்காதீர்கள், கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்கவும் கூடாது. உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. பச்சை நிற இணைப்பியின் முனை 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், நீல நிறத்தில் அந்தச் சாய்வு இருக்காது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் பொருந்தியதுபோலத்தான் இருக்கும், ஒளி மட்டும் பெருமளவு வீணாகும். பான் (PON) என்று எழுதியிருக்கும் விளக்கு விடாமல் மினுக்கினால் ஒளி வருகிறது, ஆனால் எதிர்முனையில், அதாவது நிறுவனத்தின் கருவியில், மோடம் பதிவாகவில்லை. அதை நிறுவனம்தான் சரிசெய்ய முடியும்.

மோடத்தின் நிலைப் பக்கத்தில் (அதைத் திறக்கும் வழி கீழே லாகின் பகுதியில் இருக்கிறது) ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், வந்து சேரும் ஒளியின் அளவு அது. ஜிபான் எனும் வகை ஃபைபர் இணைப்புகளில் அது பொதுவாக மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் (டிபிஎம் அளவில்) இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 26, 27 என்று ஓரத்தில் நின்றால் இணைப்பு வந்து வந்து போகலாம்.

தொலைபேசியின் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணைப்பு என்றால், போனுக்கும் மோடத்துக்கும் லைனைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதைக் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் லைனில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். விளக்கு நிலையாக நின்றால் ஸ்ப்ளிட்டரையோ போனையோ மாற்றினால் போதும். நிலைப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சமிருக்கும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகலாம்.

லைன் சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால் அடுத்தது லாகின். லேன் கேபிளில் கணினியை மாட்டி, மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள முகவரிக்குப் போங்கள், 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். அங்கே வான் (WAN, வெளி இணைய இணைப்பு) நிலையில் ஐபி முகவரி 0.0.0.0 என்றிருந்தால், மோடம் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் நுழையவே இல்லை என்று அர்த்தம். ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு என்று வந்தால் பாஸ்வேர்டு தவறு, இல்லையேல் கணக்கு காலாவதி. விண்டோஸ் கணினியிலிருந்தே டயல் செய்பவர்களுக்கு இது 691 என்ற எண்ணாக வரும். எதிர்முனையிலிருந்து பதிலே இல்லாவிட்டால் விலான் எண்ணைச் சரிபாருங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: மின்சாரம் திடீரென்று போனால் பழைய லாகின் சர்வரில் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், புது லாகினை அது ஏற்காது. உடனே போட்டு அணைப்பதால் பயனில்லை. ஐந்து பத்து நிமிடம் அணைத்தே வைத்துவிட்டுப் போடுங்கள்.

வான் ஐபி வந்துவிட்டதா? இனிக் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். கணினியின் ஐபி 169.254 என்று தொடங்கினால் மோடம் அதற்கு முகவரி தரவில்லை. தனியாக ஒரு ரவுட்டரை வாங்கி லேன் துளையிலிருந்து லேன் துளைக்கு மாட்டியவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும்: இரண்டுமே முகவரி கொடுக்கக் கிளம்பி, முகவரிகள் மோதிக்கொள்ளும். ஒன்றில், முகவரி கொடுக்கும் வேலையான டிஹெச்சிபியை நிறுத்துங்கள். கூகுளின் சர்வரான 8.8.8.8க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு, அந்த 8.8.8.8ஐயே டிஎன்எஸ்ஸாகப் போட்டுப் பாருங்கள். சில தளங்கள் திறந்து, சில சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியுவை 1492 ஆக்குங்கள். 1500இல் 8 பைட்டைப் பிபிபிஓஇ எடுத்துக்கொள்கிறது.

மோடம் தானாகவே அணைந்து எழுந்தால் லைனை நோண்டாதீர்கள். அடாப்டர் தேய்ந்திருக்கும். அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் உள்ள வேறொன்றை மாட்டிப் பாருங்கள். வோல்ட் மாறக் கூடாது.

புகார் செய்யும்போது 'நெட் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் அவர்களும் ரீசெட் செய்யத்தான் சொல்வார்கள். எந்த விளக்கு என்ன நிறம், ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு, வான் நிலையில் என்ன வருகிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள்.